காலி வண்டிக்கு மூன்று மூட்டை மண்

திருவனந்தபுரத்தை ஒட்டிய கழக்கூட்டத்துக்கு வரும் சரக்கு பெரும்பாலும் ஒருவழிச் சரக்கு. 1990-இல் டெக்னோபார்க் என்னும் ஐ.டி. வளாகம் வந்த பிறகு ஊரைச் சுற்றிலும் அலுவலகங்களும் ஹாஸ்டல்களும் அடுக்குமாடிகளும் எழும்பின. அவற்றுக்குத் தண்ணீர் கேன், காய்கறி, பிளைவுட், டைல்ஸ், நாற்காலி எல்லாம் போய்ச் சேர வேண்டும். திரும்பும்போது ஏற்றி வர ஒன்றுமில்லை. டெக்னோபார்க்கில் விளைவது கேபிள் வழியாகவே வெளிநாடு போய்விடுகிறது, அதற்குப் பிக்கப் வேண்டியதில்லை. அதனால் மார்த்தாண்டத்திலிருந்தும் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவிலிருந்தும் லோடு ஏற்றி வரும் பொலேரோ பிக்கப்பும் தோஸ்தும் டாடா ஏஸும் நாளின் பாதியைக் காலி வண்டியாகத்தான் ஓடித் தீர்க்கின்றன. இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை பிறந்தால் போதும், ஸ்பிரிங் பட்டை வேலை செய்கிறவர்களிடம் ஒரு கோரிக்கை தவறாமல் வரும்: "அண்ணே, காலியா போனா பின்னாடி அலசுது. நிரந்தரமா ஏதாவது வெயிட் வச்சுக் குடுங்க." சிலர் தொட்டியின் அடியில் பழைய இரும்புப் பாளத்தை வெல்டு செய்யச் சொல்வார்கள். சிலர் பின் கதவை ஒட்டி கான்கிரீட் போடலாமா என்று கேட்பார்கள். இந்தத் தொழிலில் இருக்கிறவன் என்ற முறையில் என் கருத்து, எடுக்க முடியாத எடையை ஆட்டம் நிற்பதற்காக வண்டியின் பின்னால் வைக்கக் கூடாது என்பது. வாய்ச்சொல்லாகச் சொன்னால் யாரும் ஏற்பதில்லை, ஏற்கவும் வேண்டியதில்லை. ஆகவே கணக்கோடு சொல்கிறேன்.

முதலில் கோரிக்கையின் நியாயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். காலி பிக்கப் அலசுவது டிரைவரின் கற்பனை அல்ல. எஞ்சின், கியர்பாக்ஸ், கேபின், ஓட்டுகிற ஆள் எல்லாம் முன்னால் இருக்க, பின்னால் இருப்பது வெறும் தகரத் தொட்டியும் ஆக்ஸில் ஹவுசிங்கும்தான். ஆனால் வண்டியைத் தள்ளுகிற சக்கரம் பின் சக்கரம். 1.7 டன் ஏற்றுவதற்காக அடுக்கிய பட்டைகளுக்குக் காலி தொட்டி ஒரு பொருட்டே இல்லை. அவை வளைய மறுக்கின்றன. குழியில் இறங்கிய சக்கரம் ஏறும்போது தொட்டியையும் சேர்த்துத் தூக்கிப் போடுகிறது, அந்த ஒரு கணம் டயருக்கும் ரோட்டுக்கும் உறவில்லை. போதாக்குறைக்கு லோடுக்கென்று ஏற்றிய காற்று டயரில் அப்படியே இருக்கும். திருவனந்தபுரம் வட்டாரத்தில் ஆண்டுக்குச் சுமார் 1,800 மில்லிமீட்டர் மழை, இடவப்பாதியும் துலாவர்ஷம் என்னும் வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்து. காரியவட்டம், செம்பழந்தி, போத்தன்கோடு பக்கத்துக் கிளைச்சாலைகளோ செம்மண் மேடுகள். மழை பெய்தால் மேட்டிலிருந்து வழியும் களிமண் தார் மேல் எண்ணெய் போலப் படியும். காலி வண்டி அங்கே ஏறத் திணறுவதிலும் வளைவில் வால் வீசுவதிலும் வியப்பில்லை. நோய் உண்மைதான். மருந்து அதுதானா என்பதே என் கேள்வி.

ஒரு நடுத்தர பிக்கப்பை எடுத்துக்கொள்வோம். கணக்குக்கு எளிதாகக் காலி எடை 1,700 கிலோ, அதில் பின் ஆக்ஸில் தாங்குவது நூற்றுக்கு நாற்பது, அதாவது 680 கிலோ என்று வைப்போம். ஈரக் களிமண் படிந்த ரோட்டில் டயரின் பிடிமானம் எடையில் பத்தில் மூன்று பங்கு என்றால், பின் சக்கரங்கள் சுழலாமல் தள்ளக்கூடிய விசை 204 கிலோ. இதை மொத்த எடையால் வகுத்தால் நூற்றுக்கு 12 வருகிறது. நூறு அடிக்குப் பன்னிரண்டு அடி உயரும் மேட்டை இந்த வண்டி காலியாக ஏறும். இனி 150 கிலோ நிரந்தர எடையைச் சரியாகப் பின் ஆக்ஸிலின் மேலேயே வைப்போம். பின் எடை 830 ஆகிறது, தள்ளும் விசை 249. ஆனால் ஏற வேண்டிய வண்டியும் 1,850 கிலோவாகிவிட்டது. வகுத்தால் பதின்மூன்றரை. மேட்டில் எடை கொஞ்சம் பின்னால் சாயும் என்பதை இரண்டு கணக்கிலும் விட்டிருக்கிறேன், ஒப்பீட்டை அது பெரிதாக மாற்றாது. ஆக, ஆண்டு முழுக்கச் சுமக்கப்போகும் ஒன்றரைக் குவிண்டால் இரும்பு தரும் லாபம், நூறு அடிக்கு ஒன்றரை அடி. சரக்கு ஏற்றிய வண்டி ஏன் கெட்டியாக ஏறுகிறது என்பதும் இதே கணக்கில் இருக்கிறது. ஒரு டன் லோடில் 900 கிலோ பின்னால் விழுந்தால் அதே மண்ணில் வண்டி பதினேழரை வரை ஏறும். 'லோடு இருந்தா ரயில் மாதிரி போகுது, அதனால வெயிட் வச்சா சரியாயிடும்' என்று டிரைவர் சொல்லும்போது, அவர் பார்த்தது ஒரு டன்னின் குணம். கேட்பது 150 கிலோ. அந்தக் குணம் வேண்டுமென்றால் எந்நேரமும் பாதிக்கும் மேல் லோடோடு திரிய வேண்டியதுதான்.

சேற்றில் மாட்டுகிற வண்டிகளைப் பொறுத்தவரை இந்த ஒன்றரை அடிகூடக் கிடைக்காது. ஒரு பின் சக்கரம் ஓடையோரக் களியில் இறங்கி, மற்றது தார் மேல் நிற்கும்போது வண்டி மாட்டுவதற்குக் காரணம் எடைக் குறைவு அல்ல, டிஃபரன்ஷியல். சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டு பக்கத்துக்கும் சம முறுக்கு விசையைத்தான் கொடுக்கும். பிடிமானம் இல்லாத சக்கரம் எவ்வளவு ஏற்கிறதோ அவ்வளவுதான் நல்ல நிலத்தில் நிற்கும் சக்கரத்துக்கும் கிடைக்கும். களியில் நிற்கிற சக்கரம் வெறுமனே சுழல, தார் மேல் நிற்கிறது அசையாமல் வேடிக்கை பார்க்கும். அதன் தலையில் இன்னும் எழுபத்தைந்து கிலோ வைத்தாலும் அது சும்மாதான் நிற்கும். இப்படிப்பட்ட இடத்தில் தினமும் வேலை என்றால், வாங்கும்போதே நாலு சக்கரமும் இழுக்கும் பொலேரோ கேம்பரைப் பார்ப்பது, அல்லது சக்கரத்தடியில் போட இரண்டு பலகைத் துண்டை வண்டியில் வைத்திருப்பது, இரண்டுமே இரும்புப் பாளத்தைவிடப் பலன் தரும்.

துள்ளலுக்கும் இதே கதிதான். ஸ்பிரிங்கின் மேல் உட்கார்ந்திருக்கும் எடை கூடினால் துள்ளல் நிதானமாகும் என்பது சரி, ஆனால் அது எடையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. பின்பக்கம் ஸ்பிரிங் மேல் 500 கிலோ இருக்கிறது, அதை 650 ஆக்குகிறோம் என்றால் துள்ளலின் வேகம் நூற்றுக்குப் பன்னிரண்டுதான் குறையும். கேபினில் இருக்கிறவருக்கு முதல் இரண்டு நாள் சொகுசாகத் தோன்றும், பிறகு பழகிவிடும். அதே ஆறுதலை, காலியாகத் திரும்பும் நாள்களில் கம்பெனிக் கையேட்டில் காலி வண்டிக்கென்று பின் டயருக்குத் தனிக் காற்றளவு போட்டிருந்தால் அந்த அளவுக்கு இறக்கியும், செத்துப்போன ஷாக் அப்சார்பரை மாற்றியும், பட்டைகளின் இடையே சேர்ந்த துருவையும் மண்ணையும் கழற்றிச் சுத்தம் செய்தும் பெறலாம். துருப்பிடித்த பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்காமல் ஒரே கட்டையாக இறுகிவிடும். பட்டை கடினம் என்று வருகிற வண்டிகளில் கணிசமானவற்றுக்கு நோய் இதுதான். ஒரு பட்டையை உருவிவிடுங்கள் என்று கேட்கிறவர்களும் உண்டு. உருவினால் காலியில் மெத்தென்றுதான் இருக்கும். மறுநாள் 1.7 டன் ஏறும்போது மிச்சமிருக்கும் பட்டைகள் அதற்குக் கணக்குத் தீர்க்கும்.

எடை எவ்வளவு என்பதைவிட எங்கே என்பது பெரிய விஷயம், அதைத்தான் யாரும் கேட்பதில்லை. பாளத்தைப் பின் கதவை ஒட்டி வைக்கச் சொல்கிறவர்களுக்கு, எவ்வளவு பின்னால் போகிறதோ அவ்வளவு நல்லது என்று ஒரு நினைப்பு. பின் ஆக்ஸில் காவடி தூக்குகிறவனின் தோள் என்றால், பின் முனையில் கூடுவது முன் முனையை எழுப்பத்தான் செய்யும். முன் பின் சக்கரங்களுக்கு இடையே மூன்று மீட்டர், பாளம் பின் ஆக்ஸிலுக்கு ஒரு மீட்டர் பின்னால் என்றால், 150 கிலோ வைக்கும்போது பின் ஆக்ஸிலில் 200 கிலோ கூடும், முன் ஆக்ஸிலில் 50 கிலோ குறையும். காலி வண்டியில் திருப்புவதும் பெரும்பாலும் நிறுத்துவதும் முன் சக்கரங்கள். அவற்றிடமிருந்து பிடுங்கித்தான் பின்னால் கொடுத்திருக்கிறோம். வால் இரண்டு செ.மீ. தாழ்ந்தாலும் முன் விளக்கின் ஒளி 50 மீட்டர் தொலைவில் 33 செ.மீ. உயர்ந்துவிடும், மழை இரவில் கழக்கூட்டம் பைபாஸில் எதிரே வருகிறவர் கண்ணில் போய் விழுவது அந்த 33 செ.மீ.தான். வளைவில் நடப்பது இன்னும் மோசம். வாலில் உள்ள எடை வீச ஆரம்பித்தால் நிறுத்துவதற்கும் அதே அளவு பிடிமானம் வேண்டும். எடை கூடியதால் வால் தாமதமாக வீசலாம். வீசத் தொடங்கிய பின் டிரைவர் கைக்கு அடங்காது.

பெரிய கம்பெனிகளே நிரந்தர எடை வைத்ததில்லையா என்று கேட்டால், வைத்ததுண்டு. எஞ்சினைப் பின்னால் தொங்கவிட்ட போர்ஷே 911 காரின் தொடக்க கால மாடல்களில் முன்பக்கம் லேசாக இருந்ததால், முன் பம்பரின் இரு ஓரத்திலும் சுமார் 11 கிலோ வார்ப்பிரும்பைப் பொருத்தினார்கள். ஆனால் அந்த உதாரணம் எனக்குத்தான் சாட்சி சொல்கிறது. 1969 மாடலில் பின் சக்கரங்களை 57 மில்லிமீட்டர் பின்னுக்குத் தள்ளி, எடைப் பங்கீட்டையே திருத்தினார்கள். எடையை வைத்துச் சமாளித்தது, சரியான வழி தயாராகும் வரைதான். அதுவும் கனமில்லாத முனையில் வைத்த எடை, கம்பெனியே கணக்குப் போட்டு வைத்தது. இங்கே பட்டறையில் பார்வைக்கு நிதானித்து வெல்டு செய்வதோடு அதைச் சேர்த்துப் பேச முடியாது.

எனக்கு மிகவும் கவலை தருவது பிரேக். பிக்கப்பின் அடியில் படுத்துப் பின் ஆக்ஸிலுக்கு அருகே பார்த்தால், சேஸில் பொருத்திய ஒரு சின்ன வால்வும், அதிலிருந்து ஹவுசிங்குக்கு வரும் ஒரு கம்பியும் தெரியும். எல்.எஸ்.பி.வி. (லோடு சென்சிங் புரொபோர்ஷனிங் வால்வு) என்பார்கள். சேஸுக்கும் ஆக்ஸிலுக்கும் இடையே உள்ள தூரம்தான் அதற்குத் தெரிந்த ஒரே சேதி. லோடு ஏறி சேஸ் தாழ்ந்தால் கம்பி நெம்பும், வால்வு பின் பிரேக்குக்கு அழுத்தத்தைத் தாராளமாக விடும். காலியில் சேஸ் உயர்ந்து நின்றால், பின் சக்கரம் முன் சக்கரத்துக்கு முந்தி லாக் ஆகி வண்டி சுற்றிவிடக் கூடாது என்று அழுத்தத்தைப் பிடித்துவைக்கும். அது எடையை அளப்பதில்லை, உயரத்தைப் பார்த்து எடையை ஊகிக்கிறது. பாளத்தை மட்டும் வைத்தால் ஊகம் ஓரளவு சரியாகவே இருக்கும். ஆனால் கதை அங்கே நிற்பதில்லை. பாளம் வைத்து, அதன் மேல் வழக்கமான லோடும் ஏற்றினால் பின்பக்கம் உட்கார்ந்துவிடும். உடனே, "ஒரு பட்டை கூடுதலா போட்டுத் தூக்கிக் குடுங்க." கூடுதல் பட்டை விழுந்ததும் சேஸ் முன்பைவிட உயரும். இப்போது பாளமும் முழு லோடும் இருக்கும்போதே வால்வு வண்டி பாதிக் காலி என்று நினைக்கும். பின் பிரேக் வேலை செய்ய வேண்டிய நேரத்தில் அடங்கியிருக்கும், முன் பிரேக் மட்டும் எல்லாவற்றையும் தாங்கிச் சூடாகி மங்கும். 2022-இன் இறுதியில் திறந்த 2.72 கிலோமீட்டர் கழக்கூட்டம் மேம்பாலத்திலிருந்து முழு லோடோடு மழையில் இறங்கும்போது இந்தக் குறை தெரியவரும், தெரியும் நேரம் திருத்துவதற்கான நேரமாக இருக்காது. இதற்கு மாற்றாக வால்வின் கம்பியைக் கழற்றி நெம்பிய நிலையிலேயே கட்டிவிடுகிற வழக்கமும் உண்டு. அப்போது காலியில் பின் சக்கரம் லாக் ஆகும். எந்த ஆட்டத்தை நிறுத்தப் பாளம் வைத்தார்களோ, அதே ஆட்டம் பத்து மடங்காகத் திரும்பி வரும். எடை கூடினால் ஈர ரோட்டில் சீக்கிரம் நிற்கும் என்ற நம்பிக்கையும் தவறு. எடை கூடும் அளவுக்குப் பிடிமானம் கூடும், நிறுத்த வேண்டிய வேகச் சுமையும் அதே அளவு கூடும். ஒன்றை ஒன்று கழித்துக்கொண்டால் மிச்சம், பிரேக்கில் கூடுதல் சூடு.

பட்டைகள் இதை எப்படிச் சொல்கின்றன என்று பார்ப்பதும் என் தொழிலின் ஒரு பகுதி. உடைந்த பட்டையைக் கையில் எடுத்தால், உடைப்பு பெரும்பாலும் நடுவில், சென்டர் போல்ட் துளையை ஒட்டி இருக்கும். துளையின் ஓரத்தில் கறுத்து, வழவழவென்று, பிறைபிறையாக வரி படிந்த ஒரு பகுதி. அதைத் தாண்டி மீதி முழுக்கச் சர்க்கரைக் கட்டியை உடைத்தாற்போல் வெள்ளைச் சொரசொரப்பு. கறுத்தது, பல மாதங்களாக ஒவ்வொரு குழிக்கும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்த விரிசல். வெள்ளை, கடைசி நாளில் ஒரே அடியில் போனது. நேற்றுக் குழியில் விழுந்ததால்தான் உடைந்தது என்பார்கள், ஆனால் பிறையைப் பார்த்தால் நேற்று வெறும் முடிவு என்று தெரியும். பட்டைகளை ஆக்ஸிலோடு பிடித்திருக்கும் யூ போல்ட் தளர்ந்திருந்தால், கவ்வியிருக்க வேண்டிய நடுப்பகுதியும் வளையத் தொடங்கி, துளை இருக்கும் பலவீனமான இடத்திலேயே களைப்பு சேர்கிறது. புதிதாகப் பட்டை சேர்த்த பிறகு சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் யூ போல்ட்டை மறுபடி முறுக்க வேண்டும் என்று சொல்லித்தான் அனுப்புகிறோம், திரும்பி வருகிறவர்கள் குறைவு. நிரந்தர எடை என்பது இந்த விரிசலுக்கு ஓய்வு கொடுக்காத எடை. லோடு இறக்கியதும் பட்டை நிமிர்ந்து இளைப்பாறும் நேரம் என்று ஒன்று இருந்தது, அதிலும் ஒரு பங்கைப் பாளம் எடுத்துக்கொள்கிறது. பட்டை மேலோ ஷாக்கிளிலோ வெல்டு வைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பட்டையின் உயிர், சூடாக்கிக் குளிர்வித்துப் பதமாக்கிய இரும்பில் இருக்கிறது, வெல்டிங் சூடு பட்ட இடத்தில் அந்தப் பதம் போய்விடும். சேஸின் மேல், கீழ் விளிம்புகளில் துளை போடுவதும் வெல்டு வைப்பதும் அதே வகைப் பாவம்.

வேண்டும் என்று வைக்கிற எடையை மட்டும் பேசினால் பாதிதான் பேசியதாகும். இந்த ஊரில் பெரும்பாலான பிக்கப்கள் தெரியாமலேயே நிரந்தர எடையைச் சுமக்கின்றன. தொட்டியின் தரை நசுங்காமலிருக்க நாலு மில்லிமீட்டர் செக்கர் பிளேட் போடுவது வழக்கம். எட்டடிக்கு ஐந்தரையடி தரை என்றால், அது மட்டும் சுமார் 135 கிலோ. தண்ணீர் கேனுக்கு ஆங்கிள் கூண்டு, பின்னால் இரும்புக் குழாய் கார்டு, கேபின் மேல் கேரியர், தார்ப்பாய்க் கம்பி என்று சேர்த்தால் இரண்டு குவிண்டாலைத் தாண்டும். அப்படியும் அந்த வண்டிகள் காலியில் அலசுகின்றன என்பதுதான் என் வாதத்துக்கு நடமாடும் சாட்சி. எடை வைத்தால் ஆட்டம் நிற்கும் என்றால், செக்கர் பிளேட் போட்ட எந்த வண்டியும் என்னிடம் அந்தக் கோரிக்கையோடு வரக் கூடாது. தரை கெட்டியாக வேண்டும் என்பதும் நியாயமான தேவைதான். தண்ணீர் கேனும் காய்கறிக் கூடையும் ஏற்றுகிறவர்களுக்குப் பன்னிரண்டு மில்லிமீட்டர் மரைன் பிளைவுட் போதும், எடை பாதிக்கும் குறைவாகவே வரும். ஜல்லியும் கம்பியும் ஏற்றுகிறவர்களுக்கு இரும்பு தேவைதான், மறுக்கவில்லை.

காசுக் கணக்கும் இதில் உண்டு. ஆர்.சி.யில் வண்டியின் காலி எடையும் லோடோடு சேர்ந்த மொத்த எடையும் எழுதியிருக்கும், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சட்டப்படி ஏற்றக்கூடியது. நிரந்தரமாக ஏற்றிய ஒவ்வொரு கிலோவும் அந்த வித்தியாசத்திலிருந்தே போகிறது. 1.7 டன் வண்டியில் 150 கிலோ என்பது கிட்டத்தட்ட 9 சதவீதம், முக்கால் டன் ஏற்றும் ஏஸில் ஐந்தில் ஒன்று. தண்ணீர் கேன் கணக்கில் டிரிப்புக்கு ஏழு கேன். எடை மேடையில் பிடிபட்டால் பாளம், சரக்கு என்று பிரித்துப் பார்க்க மாட்டார்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆம் பிரிவு அதிக லோடுக்கு 20,000 ரூபாய் அபராதமும், கூடும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் விதிக்கிறது. வண்டியின் விவரங்களை அனுமதியில்லாமல் மாற்றுவதை 52-ஆம் பிரிவு தடுக்கிறது, மீறும் உரிமையாளருக்கு 182ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். கம்பெனி குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்ன வழக்கே கேரளத்து ஆர்.டி.ஓ. ஒருவர் போன மேல்முறையீடுதான். எல்லாரும் செய்வதுதானே என்று சொல்கிறவர்கள், விபத்து நடந்த பிறகு இன்சூரன்ஸ் சர்வேயர் கேட்கும் முதல் கேள்வியை யோசித்துப் பார்க்கலாம்.

இனி, எடை வைப்பதை வழக்கமாகவே கொண்டவர்களின் வாதம். பனி விழும் அமெரிக்க, கனடிய ஊர்களில் பிக்கப் வைத்திருப்பவர்கள் குளிர்காலம் வந்தால் தொட்டியில் மணல் மூட்டை போடுவார்கள். உண்மை. ஆனால் அவர்கள் அதைப் பின் ஆக்ஸிலின் மேலோ சற்று முன்னோதான் போடுவார்கள், ஓடாமல் கட்டுவார்கள், பனி போனதும் இறக்கிவிடுவார்கள். மாட்டிக்கொண்டால் அதே மணலை அவிழ்த்துச் சக்கரத்தடியில் தூவுவார்கள். இரும்புப் பாளத்தைத் தூவ முடியாது. டிராக்டரையும் காட்டுவார்கள்: பின் சக்கரத்தில் வார்ப்பிரும்பு வளையம், டயருக்குள் தண்ணீர், எல்லாம் நிரந்தரமாகத்தானே இருக்கிறது? டிராக்டரின் வேலை இழுப்பது. அதன் எடை ஸ்பிரிங் மேல் அல்ல, சக்கரத்திலேயே இருக்கிறது. பெரும்பாலானவற்றில் பின்பக்கம் ஸ்பிரிங்கே கிடையாது. வயலில் அது போவதும் மாட்டு வண்டியைவிடக் கொஞ்சம்தான் வேகம். பின்னால் கலப்பை தூக்கும்போது முன் எழும்பாமலிருக்க மூக்கிலும் எடை மாட்டியிருக்கும், அதை மட்டும் யாரும் உதாரணத்தில் சேர்ப்பதில்லை.

எதிர்த்தரப்பில் ஒரு வாதத்தை மட்டும் நான் தட்டிக்கழிக்க முடியாது. தேங்கிய நீரில் வேகமாகப் போகும்போது டயர் ரோட்டை விட்டு நீரின் மேல் எழும்பி வழுக்கும். எந்த வேகத்தில் எழும்பும் என்பது முதன்மையாகக் காற்றின் அழுத்தத்தைப் பொறுத்தது என்று 1960-களில் அமெரிக்காவின் நாசா விமான டயர்களை வைத்துக் கண்டது. ஆனால் லாரி டயர்களை ஆராய்ந்தபோது இன்னொன்றும் தெரிந்தது: காலி வண்டியில் டயர் ரோட்டில் பதியும் தடம் நீளம் குறைந்து அகலமாகிவிடுகிறது, அதனால் லோடு வண்டியைவிடக் குறைந்த வேகத்திலேயே வழுக்குகிறது. அதாவது பைபாஸில் மழையில் காலி பிக்கப் வழுக்குவதற்கு எடைக் குறைவும் ஒரு காரணம்தான். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எடையைவிட முக்கியம் டயரின் பட்டன். தண்ணீர் வெளியேற வழி பட்டன்களுக்கு இடையேயுள்ள பள்ளம்தான். அந்தப் பள்ளத்தில் குறுக்கே சின்ன மேடு வைத்திருப்பார்கள். பட்டன் தேய்ந்து அந்த மேட்டோடு சமமானால் மிச்சம் 1.6 மில்லிமீட்டர். அதுவரை ஓட்டலாம் என்பது சட்டத்தின் எல்லை. மழைக்காலத்து எல்லையை அதற்கு வெகு முன்பே வைத்துக்கொள்ள வேண்டும். முன்னால் நல்ல டயரும் பின்னால் மொட்டை டயரும் போட்டுக்கொண்டு, பின்பக்கம் வழுக்குகிறது என்று எடை வைக்கச் சொல்கிறவர்கள்தான் அதிகம். நல்ல ஜோடியைப் பின்னுக்கு மாற்றிப் பாருங்கள், கோரிக்கையே காணாமல் போகும். மழையில் அறுபதுக்கு மேல் போகாமலிருப்பது இன்னொரு வழி, அதற்குச் செலவே இல்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு, நிரந்தர எடை தவிர்க்க முடியாத வண்டிகளும் இருக்கின்றன: பைபாஸ் ஓரம் நிற்கும் உணவு வண்டி, ஜெனரேட்டர் வண்டி, தண்ணீர்த் தொட்டி வண்டி, வெல்டிங் செட்டைச் சுமந்து தளம் தளமாகப் போகிற சர்வீஸ் வண்டி. இவை எடையை ஆட்டத்துக்காக வைக்கவில்லை, தொழிலுக்காக வைக்கின்றன. ஆகவே அந்த எடைக்கு ஏற்ப வண்டியையே மறுபடி அமைக்கலாம், அமைக்க வேண்டும். வேலை தொடங்கும் முன் கழக்கூட்டம் சப் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஒப்புதல் வாங்கி, முடிந்த பிறகு காலி எடையை ஆர்.சி.யில் திருத்திக்கொள்ள வேண்டும். கனமான சாமானைக் கேபினுக்குப் பின்னாலிருந்து ஆக்ஸில் வரைக்குள்ளேயே அடக்க வேண்டும். அடுப்பு மேடையைப் பின்னால் வைத்தாலும், சிலிண்டரையும் தண்ணீர்த் தொட்டியையும் முன்னுக்குத் தள்ளலாம். எடை மேடையில் முன் சக்கரத்தை மட்டும் ஏற்றி ஒரு சீட்டு, பின் சக்கரத்தை மட்டும் ஏற்றி ஒரு சீட்டு, முழு வண்டிக்கு ஒரு சீட்டு எடுத்துவர வேண்டும். முதல் இரண்டும் கூடி மூன்றாவதற்கு ஏறத்தாழச் சமமாகாவிட்டால் மறுபடி எடை போட வேண்டும். அந்த எண்களைக் கையில் வைத்துக்கொண்டுதான் பட்டையைத் தேர்ந்தெடுப்பது. பட்டை மாறி உயரம் மாறினால் எல்.எஸ்.பி.வி. கம்பியைக் கம்பெனி சொன்ன அளவுக்கு மறுபடி சரிபார்ப்பதும், முன் விளக்கை இறக்குவதும் அதே நாளில் முடிய வேண்டும்.

மற்றவர்களுக்கு, இடவப்பாதிக்கு மட்டும் ஏதாவது வேண்டுமென்றே தோன்றினால், சிமெண்ட் சாக்கில் மணல் நிரப்பி மூன்று மூட்டை, பின் ஆக்ஸிலுக்கு நேர் மேலே, குறுக்காக ஒரு ஆங்கிளை போல்ட் போட்டு அதற்கும் தொட்டி ஓரக் கொக்கிகளுக்கும் இடையே நைலான் பெல்ட்டால் இறுக்கிக் கட்டியது, அவ்வளவுதான். ஒன்றரை அடி மேட்டுக்குமேல் அதனால் ஆகப்போவதில்லை என்பதைச் சொல்லித்தான் கட்டிக் கொடுப்பது. முழு லோடு ஏற்றும் காலையில் மூட்டையைக் கிடங்கில் இறக்கி வைத்துவிட்டு ஏற்ற வேண்டும்; துலாவர்ஷம் ஓய்ந்ததும் ஆங்கிளையும் கழற்றிவிடலாம், நாலு போல்ட்தான்.